பலாமரத்தில் ரேடியோ கட்டிய நாள்

மலைக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. மாதேஸ்வரனும் கவிதாவும் இன்னும் ராசிபுரத்தில், நாமகிரியின் ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடை முழுக்கச் செத்த டேப்ரெக்கார்டர்கள். நாமகிரி அவற்றில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு மூலை உடைந்திருந்தது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிறு.

"இது பாடுமுங்களா?" என்றான் மாதேஸ்வரன்.

"பாடும்."

"பதியுமுங்களா?" என்றாள் கவிதா.

"பதியும். செவப்புப் பட்டன் மட்டும் நிக்காது. வெரலால அமுத்திப் பிடிச்சுக்கோணும்."

"பாட்டு முடியற வரைக்குமா?"

"பின்ன வூட்டுக்காரரு எதுக்கு இருக்காரு?"

மாதேஸ்வரன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். மரவள்ளி பிடுங்கிக் காய்ப்பேறிய விரல். தாங்கும்.

அதற்கு முன் கடைவீதியில் பெரிய கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அங்கே பாட்டுப் பதிய மிஷின் வேண்டும் என்று கேட்டபோது கல்லாவில் இருந்தவர், ஸ்டுடியோ வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். பிறகு ஒரு விலை சொன்னார்.

"கன்னுக்குட்டியோட கறவை மாடு வாங்கிரலாம்," என்றான் மாதேஸ்வரன் வெளியே வந்ததும்.

"மாடு பாட்டப் பதியுமா?"

"பால் கறக்குமில்ல."

கவிதாவுக்கு மாடு வேண்டாம்.

குணசேகரன் ராசிபுரத்தில் இன்னிசைக் குழு வைத்திருந்தார். கோயில் திருவிழாக்களில் மேடையேறிப் பாடும் குழு. அதில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் கச்சேரி. அதற்குள் அவருக்கு ஆள் வேண்டும். கவிதாவுக்கு அந்த இடம் வேண்டும். மலைமேல் தங்கள் வளப்பூர் நாட்டில் மரவள்ளிக் காட்டிலும் மிளகுக் கொடியடியிலும் பாடிச் சலித்துவிட்டது. கேட்கிற ஆள் மாதேஸ்வரன் ஒருவன்தான். எதைப் பாடினாலும் நன்றாயிருக்கிறது என்பான். தொண்டையைக் கனைத்தாலும் என்பான்.

குணசேகரனுக்கு ஒரு வழக்கம். யாரையும் எதிரில் நிறுத்திப் பாடச் சொல்ல மாட்டார்.

"மொகத்தப் பாத்தாக் காது கெட்டுப் போயிருது அம்மணி," என்றார் முதல் நாளே. "பாவம்னு தோணிரும். அப்படித்தான் ஒருத்தன எடுத்து மூணு வருசம் சீரழிஞ்சேன். கேசட்டுல பதிஞ்சு குடுத்துட்டுப் போ. நீ இல்லாதப்பக் கேக்கறேன்."

"எந்தப் பாட்டுங்க?"

"உன்ற பாட்டு ஏதாச்சும். சினிமாப் பாட்டு பாட ஊருல ஆயிரம் பேரு."

அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. புதுக் கேசட் இல்லை. பதிய மிஷினும் இல்லை. அதனால்தான் நாமகிரியின் கடை.

"கேசட்டு?" என்றார் நாமகிரி, டேப்ரெக்கார்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டே.

"ஊட்டுல ஒண்ணு கெடக்குதுங்கண்ணா. பட்டிமன்றம். கேட்டாச்சு," என்றான் மாதேஸ்வரன்.

"சரி. மேல ரெண்டு ஓட்டை இருக்கும். காயிதம் வெச்சு அடைச்சுட்டுப் பதிங்க. பழசு அழிஞ்சு புதுசு ஏறும்."

"சுத்தமா அழிஞ்சிருமுங்களா?" என்றாள் கவிதா.

நாமகிரி யோசித்தார். "முக்கால்வாசி."

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடினார்கள்.

*

முதல் பதிவு கம்பளிக்குள் நடந்தது. வெளியே சேவல் கூவும், நாய் குரைக்கும், பக்கத்து வீட்டில் மிளகாய் இடிப்பார்கள். எனவே இருவரும் டேப்ரெக்கார்டரோடு ஒரே கம்பளிக்குள் புகுந்துகொண்டார்கள். மாதேஸ்வரன் சிவப்புப் பட்டனை அழுத்தினான். கவிதா பாடினாள்.

மேலே ஏறும் பஸ்ஸுக்குள்ள
மேகம் ஒண்ணு ஏறிருச்சு
டிக்கட் கேட்டா கண்டக்டரு
தண்ணியாகி ஓடிருச்சு

நான்கு நிமிடம். முடிந்தபோது இருவருக்கும் வேர்த்து ஒழுகியது.

"நல்லாயிருக்குது," என்றான் மாதேஸ்வரன்.

"உங்களக் கேக்கல."

மறுவாரம், கொடுத்த கேசட்டைக் கேட்டுவிட்டு, குணசேகரன் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கேசட்டைப் போட்டார்.

கவிதா பாடினாள். மேகம் பஸ்ஸில் ஏறியது. உடனே எங்கோ தூரத்தில் ஒரு கூட்டம் சிரித்தது.

"இங்க," என்றார் குணசேகரன்.

கண்டக்டர் டிக்கட் கேட்டார். கூட்டம் கைதட்டியது.

"மொதல்ல நீயே ஆள வெச்சுச் சிரிக்கச் சொல்லீட்டயோன்னு நெனச்சேன்," என்றார். "இப்பக் கேளு."

கவிதா அடுத்த அடிக்கு மூச்செடுத்த இடத்தில் மெல்லிய ஆண்குரல் ஒன்று, "நடுவர் அவர்களே," என்றது.

மாதேஸ்வரன் செருப்பைப் பார்த்தான்.

"முக்கால்வாசின்னாருங்க," என்றான்.

"நீ பாடறயா, அவரு வாதாடறாரான்னே தெரியல. போவட்டும். இன்னொண்ணு. நம்முளுது மேடைப் பாட்டு. மைக்குல உன்ற கொரல் எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியோணும். சில கொரலு மைக்கக் கண்டா ஓடிப் போயிருது. மைக்குல பாடிப் பதிஞ்சு கொண்டா."

"உங்க மைக்க ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா..." என்றாள் கவிதா.

"குழு மைக்கக் குடுத்தா உன்னக் குழுவுல சேத்துட்ட மாதர ஆயிருமே அம்மணி."

*

நாமகிரியிடம் திரும்பிப் போனார்கள். அவர் டேப்ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக் சொருக அதில் இடமே இல்லை.

"ஓட்டை போட்டுக் குடுக்கலாம். அதுக்கப்பறம் இது டேப்ரெக்கார்டரா இருக்குமான்னு சொல்ல முடியாது."

"வேண்டாமுங்க," என்றாள் கவிதா.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. மைக் செட்டுக்காரங்களக் கூப்புடுங்க. மைக்குல பாடுனா குழாயில கேக்குமில்ல? குழாய்க்கு நேரா இந்தப் பொட்டிய வெச்சு அமுத்திப் பிடிங்க. மைக்குல வந்த கொரல்தான? புதுக் கேசட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பட்டிமன்றம் வேண்டாம்."

முள்ளுக்குறிச்சியில் சென்னியப்பன் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சீர், காதுகுத்து, கோயில் என்று எதற்கும் அவர்தான் ரேடியோ கட்டுவார். ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டுவதற்கு அந்தப் பக்கத்தில் ரேடியோ கட்டுவது என்றுதான் பெயர். நாற்பத்தைந்து வயது. பேசும்போதே அறிவிப்பு மாதிரி இருக்கும்.

"மைக்க மட்டும் தனியாக் குடுக்கறதில்ல," என்றார். "மைக், ஆம்ப்ளிபயர் பொட்டி, பேட்டரி, குழாய், நானு. அஞ்சும் ஒண்ணாத்தான் வரும்."

"வாடகைங்க?"

"மலைக்கு வந்து வாடகையா? வேர்ப்பலா ரெண்டு குடுங்க. போதும். என்னைக்கு?"

"உங்களுக்கு வேலை இல்லாத நாள் சொல்லுங்க."

"செவ்வாக்கெழமை. யாரும் நல்லது வெக்க மாட்டாங்க. என்ன விசேஷமுங்க?"

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க. ஒரு பாட்டப் பதியோணும். நாலு நிமிசம்."

சென்னியப்பன் சிரித்தார். விசேஷம் இல்லாமல் யாராவது ரேடியோ கட்டுவார்களா என்ன.

*

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸின் மேலே குழாய் வந்து இறங்கியது. கூடவே சென்னியப்பன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் டெஸ்டர்.

முதலில் குழாயை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். கவிதா மைக்கை வாங்கி வாயைத் திறந்ததும் குழாய் ஊளையிட்டது. மாதேஸ்வரன் காதைப் பொத்திக்கொண்டான்.

"மைக்கும் குழாயும் பக்கத்துல இருந்தா இப்படித்தான். சக்களத்தியாட்டம்," என்றார் சென்னியப்பன். "குழாய் தூரப் போவோணும். ஒசரத்துல."

வாசலைத் தாண்டிக் காட்டோரத்தில் பலாமரம் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். எப்போதும் கட்டுவது போலவே கட்டினார், வாய் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல. அது அவருடைய கைப்பழக்கம். ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமல்லவா.

மரத்தடியில் ஸ்டூல் போட்டு அதன் மேல் டேப்ரெக்கார்டரை வைத்தார்கள். மாதேஸ்வரன் அதன் முன் குத்த வைத்து, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டான். கவிதா வீட்டுக்குள் மைக்கின் முன் நின்றாள்.

"ஆரம்பிக்கலாமுங்களா?" என்றாள்.

"சாமி பாட்டுப் போடாம நான் பொட்டிய ஆன் பண்றதில்ல கண்ணு."

"பதியறதுக்குத்தானுங்க..."

"எதுக்கா இருந்தாலும்."

சாமி பாட்டுப் போட்டார். அது பள்ளத்தாக்கில் இறங்கி எல்லாக் காட்டுக்கும் போயிற்று. முடிந்ததும், கவிதா தடுப்பதற்குள், மைக்கை எடுத்தார்.

"மாதேஸ்வரன் கவிதா இல்ல விழாவிற்கு வருகை தரும் உற்றார் உறவினர் அனைவரையும் வருக வருக என வரவேற்பது முள்ளுக்குறிச்சி சென்னியப்பன் ஒலிபெருக்கி நிலையம்."

"அய்யோ," என்றாள் கவிதா.

அந்த அய்யோவும் குழாயில் கேட்டது.

*

முதலில் வந்தது கண்ணாயி. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து வீடு. மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அதை அப்படியே விட்டுவிட்டு, புடவை மாற்றி, ஒரு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"சொல்லவே இல்லியே மாதேசு," என்றாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா..."

"பரவால்ல. நீ சொல்லாட்டியும் ரேடியோ சொல்லிருச்சு."

அந்த மலையில் அதுதான் முறை. சொல்லி அனுப்பிய ஆள் வழி தவறியிருக்கலாம், மறந்திருக்கலாம். ரேடியோ பாடினால் விசேஷம். விசேஷம் என்றால் வெறுங்கையோடு போகக் கூடாது. போன வீட்டில் சாப்பிடாமல் வரவும் கூடாது.

"இந்தா பிடி," என்று கோழியை நீட்டினாள்.

மாதேஸ்வரனின் வலது கட்டைவிரல் பட்டனில் இருந்தது. இடது கையால் கோழியை வாங்கிக்கொண்டான்.

பிறகு சின்னுசாமி வந்தான், தோளில் பலாப்பழத்தோடு. அவன் பின்னால் அவன் பெண்டாட்டி, ஒரு படி சாமையோடு. மேட்டுக் காட்டிலிருந்து ஒரு குடும்பம். கீழ்க் காட்டிலிருந்து மூன்று. ஒற்றையடிப் பாதையில் வண்ணப் புடவைகள் வரிசையாக இறங்கி வந்தன.

"செவ்வாக்கெழமையில என்ன விசேஷம்?"

"கெணத்துல தண்ணி வந்துருச்சாட்டம்."

"ஜீப்பு வாங்கியிருப்பான்."

"எங்க நிக்குது ஜீப்பு?"

"வரும், வரும். ரேடியோ கட்டியிருக்கறான்ல."

மாதேஸ்வரன் குத்த வைத்தபடியே எல்லோருக்கும் சொன்னான். "கவிதா ஒரு பாட்டுப் பாடறா. அதக் கேசட்டுல பதியறோம். அவ்வளவுதான்."

"அது தெரியுது," என்றான் சின்னுசாமி. "எந்த விசேஷத்துக்குன்னு கேக்கறேன்."

"ஒண்ணுமில்லடா."

"சொல்ல மாட்டேங்கறான் பாரு. பெருசா ஏதோ இருக்குது."

கூட்டம் வாசலில் உட்கார்ந்தது. அடுப்பு எங்கே என்று கேட்டது. நான்கு பெண்கள் யாரையும் கேட்காமல் கல் கூட்டிப் பானை ஏற்றினார்கள். ஒருத்தி சாமை புடைத்தாள். குழந்தைகள் குழாயின் கீழே நின்று கத்திப் பார்த்தன.

கவிதா கதவருகே வந்து பார்த்தாள். சென்னியப்பனுக்கு நான்கு மணி பஸ். அதை விட்டால் மறுநாள் கல்யாண வீட்டுக்கு ரேடியோ கட்ட அவர் போக முடியாது. வெள்ளிக்கிழமை ஆடி. அவளுக்கு இன்னொரு செவ்வாய் இல்லை.

"ஏனுங்க," என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "எல்லாத்தையும் அனுப்புங்க."

"எப்படி அனுப்பறது? கோழி குடுத்திருக்கறாங்க."

"திருப்பிக் குடுங்க."

கண்ணாயி திரும்பிப் பார்த்தாள். மாதேஸ்வரன் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டான். கொண்டுவந்த சீரைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

கவிதா உள்ளே போனாள். மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்று பலாமரம் பேசியது. கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. "சோறு உண்டு. கொழம்பு உண்டு. ஆனா மொதல்ல பாட்டு. பாட்டு முடியற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. சத்தம் கேட்டா மறுபடி மொதல்ல இருந்து பாடுவேன். சோறு அதுக்கப்பறந்தான்."

"இது என்ன முறை?" என்றான் சின்னுசாமி.

"புது முறை," என்றது மரம்.

கவிதா பாட ஆரம்பித்தாள். மேகம் பஸ்ஸில் ஏறியது. கோழி கொக்கரித்தது.

"மாதேசு!" என்றது கூட்டம் மொத்தமாக.

மாதேஸ்வரன் கேசட்டைத் திருப்பிச் சுற்றினான். கண்ணாயி எழுந்து போய்க் கோழியை வாங்கி, ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தன் முந்தானையைப் போர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி மேகம் ஏறியது. கண்டக்டர் வந்தார். மேட்டுக் காட்டுக்காரர் ஒருவருக்குத் தொண்டை கரகரத்தது. அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. இருமிவிட்டார். கூட்டம் அவரைத் திட்டியது. அவர் பெண்டாட்டி இன்னும் அதிகமாகத் திட்டினாள்.

"ஊட்டுக்குப் போய் இருமியிருக்கக் கூடாதா? பசிக்குதில்ல எல்லாத்துக்கும்?"

மூன்றாம் முறை தொடங்கும்போது நிலைமை மாறியிருந்தது. கைக்குழந்தைகளை மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அடுப்பில் விறகை இழுத்துவிட்டிருந்தார்கள், கொதிக்கும் சத்தம் கேட்கக் கூடாதென்று. நாயைச் சின்னுசாமி இடுக்கிக்கொண்டு அதன் வாயைப் பிடித்திருந்தான். நாயும் அவனும் ஒரே மாதிரி விழித்தார்கள். சென்னியப்பன் முதல் முறையாக எதையும் அறிவிக்காமல் நின்றார்.

கவிதா பாடினாள்.

பஸ் வளைவில் திரும்பியது. மேகம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தது. அவள் ஒவ்வொரு அடியையும் முடித்து மூச்செடுக்கும்போது, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிர்மலை அந்தக் கடைசிச் சொல்லை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. ஏறிருச்சு. ஓடிருச்சு. அவள் அதைக் கேட்டாள். கேட்டதும் அடுத்த அடிக்குக் கொஞ்சம் காத்திருந்தாள், மலை முடிக்கட்டும் என்று.

மாதேஸ்வரனின் விரல் மரத்துவிட்டது. எடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. யாரும் அசையவில்லை. பேசலாமா என்று தெரியவில்லை அவர்களுக்கு. மாதேஸ்வரன் விரலை எடுத்தான். பட்டன் டக்கென்று மேலே வந்தது.

"ஆச்சு," என்றான்.

நாய் முதலில் குரைத்தது. பிறகு எல்லோரும்.

சோறு நன்றாக இருந்தது. கோழி தப்பித்தது, நேரமில்லை. சென்னியப்பன் இரண்டு பலாப்பழத்துக்கு ஐந்து பழத்தோடு நான்கு மணி பஸ்ஸில் ஏறினார். கண்ணாயி போகும்போது கவிதாவின் காதருகே வந்து, "எங்கிட்ட மட்டும் சொல்லு, ஜீப்புத்தான?" என்றாள்.

*

வியாழக்கிழமை குணசேகரன் கேசட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருவரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். டீ ஆறியது. மாதேஸ்வரன் தன்னுடையதைக் குடித்துவிட்டு அவளுடையதையும் குடித்தான்.

கதவு திறந்தது. குணசேகரன் வாசலில் நின்று கையசைத்தார்.

"எந்த ஸ்டுடியோ?" என்றார் அவர்கள் உள்ளே வந்ததும்.

"ஸ்டுடியோ இல்லீங்க. ஊட்டுலதான்," என்றாள் கவிதா.

"எங்கிட்டப் பொய் சொல்லாத அம்மணி. இருவது வருசமா மேடை ஏறறேன். இந்த எக்கோ மிஷினு சேலத்துல ரெண்டு பேருகிட்டத்தான் இருக்குது. அவங்க வெலைக்கு நானே போறதில்ல. நீங்க எப்படிப் போனீங்க?"

"எக்கோ மிஷினுங்களா?"

குணசேகரன் கேசட்டை ஓட விட்டார். கண்டக்டர் டிக்கட் கேட்டார். மேகம் தண்ணியாகி ஓடிருச்சு. ஓடிருச்சு, என்றது தூரத்திலிருந்து அதே குரல், கொஞ்சம் நனைந்தாற்போல.

"இது," என்றார்.

கவிதாவும் மாதேஸ்வரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எதிர்மலைங்க," என்றான் மாதேஸ்வரன்.

"என்னது?"

"எங்க ஊட்டுக்கு எதுத்தாப்ல இருக்குதுங்க. மலை. குழாய அந்தப் பக்கம் பாத்துக் கட்டீட்டாருங்க."

குணசேகரன் கேசட்டை நிறுத்தினார்.

"இதான் சங்கடம்," என்றார். "எக்கோ வெச்சாக் கழுதையும் கச்சேரி பண்ணும்."

"என்னையக் கழுதைங்கறீங்களா?" என்றாள் கவிதா.

"இல்ல. தெரியலங்கறேன். இதுல பாதி நீ. பாதி மலை. எந்தப் பாதி நல்லாயிருக்குதுன்னு எனக்குப் புடிபடல."

"ரெண்டுமேதானுங்க," என்றான் மாதேஸ்வரன்.

"நீங்க சித்தப் பேசாம இருங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

நாளை ஆடி ஒன்று. பத்து நாளில் திருச்செங்கோட்டில் முதல் கச்சேரி. மலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது. குணசேகரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். வந்து அவள் எதிரே உட்கார்ந்து முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மலைய விட்டுட்டு ஒருக்காப் பாடு அம்மணி, பாப்பம்."